பெயின்டர் எழுத்து போன்ற ஃபாண்ட்கள் ஏன் பிடிக்கின்றன? காரைக்குடியில் கடை திறப்பவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். காரைக்குடியில் பலகாரக் கடை திறக்கப் போகிறீர்கள். டிசைனர் இரண்டு போர்டு மாதிரிகள் அனுப்பியிருக்கிறார். ஒன்றில், இப்போது எந்தச் செயலியைத் திறந்தாலும் பார்க்கிற சீரான, மெல்லிய எழுத்து. மற்றதில், அந்தக் காலத்து பெயின்டர் பிரஷ் பிடித்து எழுதியது போன்ற தடித்த எழுத்து. வீட்டில் இளையவர்கள் எல்லோரும் இரண்டாவதைத்தான் கை காட்டுகிறார்கள். அப்பச்சி மட்டும் “என்னப்பா, பழைய பஞ்சாயத்து ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டார். இந்த மாதிரி எழுத்து ஏன் ஈர்க்கிறது, இது நிலைக்குமா, இல்லை நாலு நாள் மோகமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது, பிடித்திருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் பணம் போடலாமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் போர்டு எழுதும் கடையில் தொழில் பழகி, பிறகு கணினியில் தமிழ் எழுத்துரு வரையப் போனவன். அதனால் பிரஷ் பக்கமும் கணினிப் பக்கமும் ஓரளவு பேச முடியும். வியாபாரம் என் துறை இல்லை. ‘இந்த ஃபாண்ட் போட்டால் இத்தனை சதவீதம் கூட்டம் கூடும்’ என்று யாராவது கணக்குச் சொன்னால், அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள்.

முதலில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கத்தைத் தள்ளிவைத்துவிடுகிறேன். கையால் எழுதியது என்றதும் ‘குறைதான் அழகு, கோணல்தான் உயிர்’ என்பார்கள். தொழில் தெரிந்த எந்த பெயின்டரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். கோணலாக எழுதினால் கடைக்காரர் கூலியைப் பிடித்துக்கொள்வார். தகரத்துக்கு ப்ரைமர் அடித்துக் காயவைத்து, கலர்ப்பொடி தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டி, மேல்கோடும் கீழ்க்கோடும் விழவைத்து, சாக்பீஸால் எழுத்துகளுக்கு இடம் பிரித்த பிறகுதான் எனாமல் டப்பாவின் மூடியையே திறப்பார்கள். கை நடுங்காமலிருக்க நீளக் குச்சி ஒன்றின் நுனியில் துணி சுற்றிப் பலகையில் ஊன்றி, அதன்மேல் மணிக்கட்டை வைத்து எழுதுவார்கள். இத்தனை பாடும் எழுத்து நேராக வருவதற்காகத்தான். ஆகவே அந்த எழுத்தில் நமக்குப் பிடிப்பது கோணல் இல்லை. இதை உறுதியாகவே சொல்வேன்.

பிடிப்பது, அந்தச் சொல்லுக்காகவும் அந்தப் பலகைக்காகவும் ஒருவர் எடுத்த முடிவுகள். உங்கள் போர்டில் வரப்போகிற ‘பலகாரம்’ என்ற சொல்லையே பாருங்கள். ‘கா’வின் காலும் அடுத்து வரும் ‘ர’வும் ஒட்டி நிற்கின்றன. பல கணினி எழுத்துருக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தால் ‘பலக’ முடிந்து, ஏதோ இரண்டு வாசற்கால் நிற்பதாகத் தெரியும். பெயின்டர் இந்த இடத்தில் ‘ர’வின் அடியைக் கோட்டுக்குக் கீழே சாய்த்து இழுத்துவிடுவார். கால் வேறு, ர வேறு என்று உடனே பிரிந்துவிடும். ‘ல’வின் வளைவை அகட்டுவதா சுருக்குவதா என்பதைப் பலகையில் மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்வார். பெயரில் ‘ளி’, ‘ணி’ வந்தால் மேல்வளைவை அடுத்த எழுத்தின் தலைக்கு மேல் நீட்டி, அங்கே விழுந்த வெற்றிடத்தை நிரப்பிக்கொள்வார். தமிழில் ர, ா போன்ற ஒடிசல் எழுத்தும் ண, ஞ, ஐ போன்ற அகல எழுத்தும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து வரும். மேலே கொக்கி, கீழே சுழி, முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று நாலு பக்கமும் ஏதாவது முளைக்கும். இதையெல்லாம் ஒரு செவ்வகப் பலகைக்குள் அடக்குவதுதான் வேலை. பலகைக்குப் பலகை அந்த வேலை புதிது.

அடுத்தது கருவி. பட்டை பிரஷ்ஷை ஒரே கோணத்தில் பிடித்து இழுத்தால் ஒரு திசையில் கோடு தடிக்கும், இன்னொரு திசையில் மெலியும். எனாமல் பிசுபிசுப்பானது. தயங்கி நின்றால் வழியும், அவசரப்பட்டால் ஓரம் பிசிறும். அதனால் ஒரு வீச்சில் முடிக்கும் வடிவங்களையே கை தேர்ந்தெடுக்கும். எழுத்தாணி இப்படி இல்லை. ஓலையில் அது எந்தத் திசையில் போனாலும் ஒரே தடிமன்தான். இதுவரை சொன்னது நிச்சயம். ‘ஓலை கிழியும் என்பதால்தான் தமிழ் எழுத்து உருண்டையானது’ என்று தொடர்ந்து சொல்வார்களே, அதை அவ்வளவு நிச்சயமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ட, ப எல்லாம் நேர்கோடுகள்தான். அவற்றையும் அதே ஓலையில்தான் எழுதினார்கள். வட்டெழுத்து என்ற பழைய வளைந்த எழுத்து முறையைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். ஓலைக்கு ஒரு பங்கு இருந்திருக்கும். அது மட்டுமே காரணம் என்பது கேட்க நன்றாயிருக்கும் கதை.

சுவரிலிருந்து எழுத்துரு எடுப்பது நேற்று வந்த மோகமும் இல்லை. ரோமில் கி.பி. 113-ல் நிறுவிய டிரேஜன் தூணின் அடியில் உள்ள எழுத்துகளை, முதலில் பட்டை பிரஷ்ஷால் எழுதி, அந்தத் தடத்தின் மேல்தான் உளி வைத்தார்கள் என்று வாதிட்டவர் எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார். பாதிரியார் ஆவதற்கு முன்னால் அவர் சிகாகோவில் போர்டு எழுதிய பெயின்டர். உளிக்குக் காரணமில்லாத வளைவுகள் பிரஷ் பிடித்த கைக்குப் புரிந்திருக்கின்றன. அந்தத் தூணைப் பார்த்து கேரல் ட்வாம்ப்லி 1989-ல் அடோபி என்ற மென்பொருள் நிறுவனத்துக்காக வரைந்ததுதான், நீங்கள் எத்தனையோ சினிமா போஸ்டரில் பார்த்திருக்கும் ‘டிரேஜன்’. நியூயார்க்கின் பழைய கட்டட முகப்பு எழுத்துகளைப் பார்த்து டொபையஸ் ஃப்ரியர்-ஜோன்ஸ் 2000-ல் வரைந்தது ‘காதம்’. ஒபாமாவின் 2008 தேர்தல் பிரசாரத்தில் வந்த எழுத்து அதுதான். இரண்டிலும் சொரசொரப்பு கிடையாது, தேய்ந்த பெயின்ட் கிடையாது. வடிவத்தின் காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அழுக்கை விட்டுவிட்டார்கள். உங்கள் டிசைனர் அனுப்பிய மாதிரியில் பெயின்ட் உதிர்ந்தது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். புதுக் கடைக்குப் பழைய தூசியை விலை கொடுத்து வாங்குவானேன்?

தமிழில் இந்தக் கதைக்கு இன்னொரு திருப்பம் உண்டு. 1578-ல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியதிலிருந்து ஈய எழுத்தின் காலம் முழுக்க, ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வார்ப்பு வேண்டும் என்பதுதான் அச்சுக்காரர்களின் தலைவலி. பெரியார் 1930-களிலேயே தன் பத்திரிகையில், இந்த வடிவங்களைக் குறைத்த சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு அதில் ஒரு பகுதியை ஆணையாக்கியது. தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை, சுழித்து எழுதிய ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் என்று 13 எழுத்துகள் பள்ளிப் பாடத்திலிருந்து போயின. பெயின்டருக்கு வார்ப்புச் செலவு கிடையாது. ஆணை வந்த பிறகும் பலர் பழைய ‘லை’யையே எழுதிக்கொண்டிருந்தார்கள், முக்கியமாக இடம் மிச்சமாகும் என்பதற்காக. கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் பழைய ‘லை’க்குத் தனிக் குறியீடு இல்லை, எழுத்துருவுக்குள் மாற்று வடிவமாக வைத்துக்கொள்ளலாம். சில எழுத்துருக்கள் வைத்திருக்கின்றன. உங்கள் கடைப் பெயரில் அப்படி ஓர் எழுத்து வந்தால் பழைய வடிவம் போடத் தோன்றும். வேண்டாம் என்பேன். பள்ளியில் அதைப் படித்தவர்களுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் வயது. பலகாரம் வாங்க வரும் பிள்ளைகள் ஒரு நொடி திகைப்பார்கள். பெட்டியின் மூடியில், அலங்காரமாக, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டுக்கு வருகிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு எழுத்தைப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டனார் பெயரும் தகப்பனார் பெயரும் முதலெழுத்தாகச் சேர்ந்த விலாசத்தை வீட்டு முகப்பிலும் கணக்குப் புத்தகத்திலும் மட்டுமா வைத்தார்கள்? பெண்ணுக்குக் கொடுத்த அண்டா, குண்டா, கரண்டி வரைக்கும் உளியால் பொட்டுப் பொட்டாக வெட்டி வைத்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரத்தை இறக்கிப் பாருங்கள். கோடு இழுக்க முடியாத கருவியால் ‘மு’வும் ‘சி’யும் எப்படி வளைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியும். நான் எழுத்து வரையப் பழகும் பிள்ளைகளை முதலில் அங்கேதான் பார்க்கச் சொல்வேன். இரண்டாவதாகச் சொல்வது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தொழிலில் போர்டு எழுதும் கலைஞர். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், இதழ்கள், நோட்டீஸ்கள் முதலியவற்றை, அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்து 1994-ல் சென்னையில் அமைந்ததுதான் அந்த நூலகம். அறிஞர்கள் அதை நூல்களுக்காகப் போற்றுகிறார்கள், நியாயம்தான். எனக்கு அது எழுத்து வடிவங்களின் களஞ்சியம். அட்டைத் தலைப்புகளிலும் நாடக நோட்டீஸ்களிலும் தமிழைக் கையால் எத்தனை விதமாக வளைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி சொல்வது ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இளையவர்களுக்கு இந்த எழுத்து பிடிப்பதற்கு ஃபிளெக்ஸும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் பரவியதும், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் டிடிபி சென்டரில் இருந்த அதே சில எழுத்துருக்கள்தான் வந்தன. அவற்றையே பக்கவாட்டில் இழுத்தும் நசுக்கியும் பலகையில் பொருத்தினார்கள். பெயின்டர் அகலத்தைக் கூட்டும்போது கோட்டின் தடிமன் மாறாது. கணினியில் இழுத்தால் நிற்கிற கோடு தடித்து, படுத்த கோடு அப்படியே நிற்கும். இப்படிச் சிதைந்த எழுத்தையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, தன் இடத்தில் சரியாக உட்கார்ந்த எழுத்து எதுவானாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். பழமை மேல் ஆசை என்பது இதில் பாதிகூட இருக்காது என்பது என் எண்ணம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

அப்பச்சி சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் வயதில் பிரஷ் எழுத்து யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பாணி இல்லை. எங்கும் இருந்தது, மலிவாகக் கிடைத்தது. இன்னொன்றும் யோசியுங்கள். நாம் ‘பாரம்பரியம்’ என்று போட்டோ எடுக்கிற செட்டிநாட்டு வீடுகள், கட்டிய காலத்தில் புதுசிலும் புதுசு. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்ததையெல்லாம் கொண்டுவந்து இழைத்தார்கள். அந்த ஐயாக்களிடம் இன்றைக்கு இரண்டு மாதிரியையும் காட்டினால் முதலாவதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்களோ என்னவோ! ஆகவே பிரஷ் எழுத்து போட்டால் செட்டிநாட்டு அடையாளம் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அந்த எழுத்து தமிழ்நாடு முழுக்க இருந்தது.

சரி, எழுத்துருவை எப்படிச் சோதிப்பது? ஒரே எழுத்து இரண்டு முறை வரும் சொல்லைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், ‘தட்டு வட்டு’ என்பது போல. இரண்டு ‘ட்டு’விலும் ஒரே இடத்தில் ஒரே பிசிறு தெரிந்தால் கை என்ற பாவனை அங்கேயே உடைந்துவிடும். நல்ல எழுத்துருவில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து, அடுத்தடுத்து வரும்போது தானாக மாறச் செய்திருப்பார்கள்; ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையில் இதற்கு வசதி உண்டு. ஆத்தங்குடித் தரைக்கல்லில் பூவின் அச்சுச் சட்டம் ஒன்றே என்றாலும், வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுவதால் கல்லுக்குக் கல் ஒரு இழை மாறுமே, அந்த அளவு மாற்றம் போதும். பிறகு கு, ணு, நூ, ரூ, ஸ்ரீ, எண்கள், ரூபாய்க் குறி எல்லாம் ஒரே கையில் வந்தது போல இருக்கிறதா பாருங்கள். முதலில் ஆங்கிலம் வரைந்து, பிறகு தமிழை ஒட்டவைத்த எழுத்துருக்கள் இந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். இலவசமாகக் கிடைப்பவற்றில் மும்பை ஏக் டைப் குழுவினரின் ‘பலூ தம்பி’ தடித்து உருண்டது. வடிவத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கும் இருக்கிறது, உங்கள் கடைக்கென்று தனியாகத் தெரியாது. அவர்களுடைய ‘அனேக்’ பிரஷ் எழுத்து இல்லை; ஆனால் தடிமன் கெடாமல் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பெயின்டர் பலகையைப் பார்த்துச் செய்த வேலையில் ஒரு பங்கை அது செய்துவிடும்.

என் பரிந்துரை இது. பெட்டி, பில், இன்ஸ்டாகிராம் என்று தினமும் மாறும் எழுத்துக்கெல்லாம் ஓர் எழுத்துருவை வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரை மட்டும் ஒரு பெயின்டரை வைத்து எழுதுங்கள். கோயில் உபயப் பலகை, லாரி, கட்சிச் சுவர் என்று அந்த வேலை தெரிந்த கைகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அவர் காகிதத்தில் எழுதித் தருவதை ஸ்கேன் செய்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறாத கோட்டு வடிவமாக (வெக்டர்) மாற்றினால் அதுவே உங்கள் லோகோ. எழுத்துருவுக்கு உரிமம் வாங்குவது போலவே இதற்கும் தனியாகத் தொகை பேசுங்கள், எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் ஹனிஃப் குரேஷி தொடங்கிய ஹேண்ட்பெயின்டட் டைப் திட்டத்தில் பெயின்டர்களின் எழுத்தை எழுத்துருவாக்கி, அவரவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்த மரியாதையை நாமும் பின்பற்றலாம். எனாமல் வெயிலில் வெளுக்கும், சிவப்பு எல்லாவற்றுக்கும் முன்னால். உங்கள் கடை மேற்குப் பார்த்தது என்றால் எழுத்துக்குச் சிவப்பு வேண்டாம். நிழல் கோட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

எல்இடி பின்னொளிப் பெட்டிதான் போடப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். பின்னால் வெளிச்சம் வந்தால் மெல்லிய கோட்டை அது விழுங்கிவிடும்; டிசைனரின் முதல் மாதிரி இரவில் எடுபடாது. அதற்காக மிகத் தடித்தாலும் ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைத்துக்கொள்ளும். உயரத்துக்கு ஒரு தொழில் கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம். அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொன்னது. தமிழில் ஓர் எழுத்துக்குள் நடக்கிற காரியம் அதிகம் என்பதால் நான் ஒன்றரை மடங்காகக் கூட்டிக்கொள்வேன். தெரு நாற்பதடி என்றால் ஆறு அங்குலத்துக்குக் குறையவேண்டாம். ஆங்கிலமும் போடுவதென்றால் தமிழ் மேலேயும் பெரிதாகவும் வரவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது அரசு வைத்திருக்கும் அளவு. டிசைனருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பலர் ஆங்கிலத்தை வரைந்து முடித்த பிறகுதான் தமிழுக்கு இடம் தேடுவார்கள்.

பெயின்டர் சாக்பீஸில் இடம் பிரித்து முடித்ததும் அப்பச்சியைக் கூட்டிக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போய்ப் பாருங்கள். எழுத்து இடப்பக்கம் தள்ளியிருக்கிறது, ‘ம்’ முட்டுகிறது என்று எதுவும் சொல்வதாக இருந்தால் அப்போதே சொல்லிவிடவேண்டும். சாக்பீஸை ஈரத்துணியால் துடைத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். எனாமல் ஏறிவிட்டால் தின்னர் போட்டுத் துடைத்து, தரைக் கலரை மறுபடி அடித்து, அது காய்கிற வரை காத்திருக்கவேண்டும். அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.